கன்பைன்டு

ட்ரங்கால் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் ஒரே ஒரு கடையில் கறுப்பாக ஒரு போன் இருக்கும். அதில் நமக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், யார், என்ன என்று கேட்பதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொள்வார்கள். நல்ல செய்தி போஸ்ட் கார்டில் வரும். போனில் வருவது வேறு.

எங்களுக்கு அது வந்தது மிளகாய்ப் பழம் பறிக்கிற காலத்தில். எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சுழிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கரிசல் காட்டில் கொஞ்சம் மிளகாயும் மல்லியும் போட்டு அம்மாதான் எங்களை வளர்த்தாள். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. நான் அம்மாவோடு குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியெல்லாம் எரிச்சல். கண்ணில் வியர்வை வழிந்தாலும் கையால் துடைக்க முடியாது. தோளை உயர்த்தித் துடைத்துக்கொள்ள வேண்டும். அப்போது வண்டித் தடத்தில் மொபெட் சத்தம் கேட்டது. திருச்சுழி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரக்கடை வைத்திருந்த பாய் வந்துகொண்டிருந்தார். அவர் எங்கள் காட்டுக்கு வந்ததே இல்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மடியில் இருந்த பழமெல்லாம் கீழே கொட்டியது.

"பதறாத தங்கச்சி. மொதல்ல உக்காரு" என்றார் பாய்.

"யாருக்கு என்னண்ணே?"

"ஒன் மூத்த மக இருக்கிற ஊர்லருந்து போனு. ஒரு பொம்பளக் குரலு. வயசானவுக மாதிரி இருந்துச்சு. ஒம் மக பேரத் தெளிவாச் சொன்னாக. மத்ததெல்லாம் இங்கிலீசு. எனக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்தைய மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாக. கன்பைன்டு, கன்பைன்டுன்னு. அப்பறம் வீக்குன்னாக. கம் சூன்னாக. அதோட லைன் அத்துப்போச்சு. நானும் மணிக்கணக்கா உக்காந்து பாத்தேன், திரும்ப வரல."

அம்மாவுக்குத் தமிழே கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் தெரியும். "கம் சூன்னா என்னண்ணே?" என்று கேட்டாள்.

"சீக்கிரம் வாங்கங்கிறது."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏ பாப்பா, அந்த வார்த்தைய நீ புடிச்சுக்க. மறந்துறாத. மாமாகிட்டப் போயிக் கேப்போம்."

காட்டிலிருந்து அப்படியே பஸ் ஏறினோம். மாமா இருந்த அருப்புக்கோட்டை வரைக்கும் நான் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இடத்தில் அது 'பைன்கண்டு' என்று புரண்டுபோனது. பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா தான் மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள். இரண்டையும் ஒட்டிப் பார்த்துச் சரிசெய்துகொண்டோம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் தெருவில் முதலில் சைக்கிள் ஓட்டிய பெண் அவள்தான். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். 'பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுச் சத்தமா' என்று அம்மா வைவாள். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி வீடு உள்ள குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தோம். அத்தானுக்கு வேலை வடக்கே, நாக்பூரையும் தாண்டி ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில். ஸ்டோர் கீப்பர். சபாரி சட்டை, சன்னமான பேச்சு, எல்லாருக்கும் வணக்கம். 'இப்படி ஒரு பொறுமையான மாப்ள கெடைக்க நாம குடுத்துவச்சிருக்கணும்' என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்து ரயில் ஏறிப் போன அக்கா திரும்பி வரவே இல்லை. தீபாவளிக்கு லீவு இல்லை என்றார் அத்தான். பொங்கலுக்கும் இல்லை. அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தகவல் வந்ததும் அம்மா வளைகாப்புக்கு வளையல் வாங்கி வைத்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அத்தானிடமிருந்து பதில் வந்தது: ஒன்பதாம் மாதம் தானே கொண்டுவந்து விடுவதாகவும், யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம் என்றும். அம்மாவின் கணக்கில் அப்போது அக்காவுக்கு எட்டாம் மாதம்தான் பிறந்திருந்தது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அருப்புக்கோட்டை கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவர். வேப்பமரத்தடியில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு மெஷின். வக்கீல்கள் எழுதிக் கொடுப்பதை மடமடவென்று அடித்துத் தள்ளுவார். அவர் அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவர் எங்கள் சொந்தத்தில் கிடையாது.

நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் விரல்கள் மெஷின் மேல் அப்படியே நின்றன.

"யாரு சொன்னா இத?"

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். வயதான பெண் குரல், வீக்கு, கம் சூன், லைன் அறுந்தது.

மாமா மேசையில் அடித்து முடித்துக் கிடந்த ஒரு தாளை எடுத்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்தா பாருக்கா. தெனம் நான் அடிக்கிற வார்த்த. ராங்புல் கன்பைன்மென்ட். ஒரு ஆள அவுக சம்மதம் இல்லாம ரூமுல போட்டு அடச்சு வைக்கிறது. கன்பைன்டுன்னா அடச்சு வச்சிருக்கான்னு அர்த்தம்."

"யாரடா?"

"நம்ம பிள்ளயத்தான். பூட்டி வச்சிருக்கான். சோறு தண்ணி ஒழுங்காக் குடுக்காம வீக்கா இருக்கா. பக்கத்து வீட்டுக்காரம்மா எவளோ பாக்கப் பொறுக்காம போன் பண்ணியிருக்கா. அதுக்குள்ள யாரோ வந்துருக்கணும், வச்சுட்டா."

அம்மா அந்த வேப்பமரத்தடி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாசமா இருக்கிற பிள்ளையடா" என்றாள். சத்தம் எழும்பவில்லை.

இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அந்தச் சொல் ஒரே ஒரு அர்த்தத்தோடுதான் பழக்கம். அதுவும் வயிற்றுப்பாட்டுக்காகத் தினமும் அடிக்கிற சொல். அவர் சொன்னதில் ஒன்றோடொன்று எல்லாம் பொருந்தியும் வந்தது. தந்தி கொடுத்துக் கேட்டுப் பார்ப்போமா என்று அம்மா கேட்டதற்கு, "குடுத்தா உசாராயிருவான். வேற எடத்துக்கு மாத்திருவான்" என்றார்.

நேராகப் பந்தல்குடிக்குப் போனோம். அக்காவின் மாமியார் வாசலில் உட்கார்ந்து பருத்திக்கொட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தார். ரோட்டில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரிக்கும் பேச்சை நிறுத்தி, அது போன பிறகு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

"மதினி, எம் மகள ஒங்க மகன் பூட்டி வச்சிருக்காராம்ல?" அம்மா கும்பிடு போட்டுக்கொண்டேதான் கேட்டாள்.

அந்த அம்மாள் கையிலிருந்த தண்ணீரை உதறினார். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று கேட்கவில்லை. அபாண்டம் என்று கத்தவும் இல்லை. "அந்த ஊரு அப்படி. பல ஊருக்காரனும் வந்து கெடக்கிற எடம். வேலைக்குப் போற ஆம்பள, வயசுப் பிள்ளையத் தொறந்தா போட்டுட்டுப் போவான்?" என்றார்.

மாமா கத்தத் தொடங்கினார். மாமியாரும் எழுந்து கத்தினார். ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார். அம்மா மட்டும் சத்தம் போடவில்லை. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டாள்.

மறுநாளே கிளம்பினோம். மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததால் என்னை அங்கே விட முடியவில்லை. அதனால் நானும் போனேன். மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி போகிற ரயில். கக்கூஸ் வாசலில்தான் இடம் கிடைத்தது. அம்மா ஒரு மஞ்சள் பையில் புது வத்தலும் மல்லியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த நெடியில் பக்கத்தில் இருந்தவர்கள் தும்மினார்கள், இந்தியில் திட்டினார்கள். மாமா எதையும் காதில் வாங்கவில்லை. போலீஸில் கொடுக்க வேண்டிய புகாரை வாய்க்குள்ளேயே இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தொடையில் டைப் அடித்தன. ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஆரஞ்சுப் பழம் கூடை கூடையாக விற்றார்கள். எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்த அம்மா தான் ஒரு சுளைகூட வாயில் வைக்கவில்லை.

இறங்கிய ஊரில் எல்லாமே கறுப்பு. மரத்து இலை, வீட்டுக் கூரை, நாயின் முதுகு எல்லாவற்றிலும் கரித்தூள். சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற காலனி ஒரே மாதிரியான ஓட்டு வீடுகளாக நீண்டுகிடந்தது. மாமா விலாசத்தைக் காட்டிக் காட்டிக் கண்டுபிடித்தார். அத்தானின் வீட்டு முன்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது.

அம்மா கதவில் காதை வைத்தாள். "ஏத்தா" என்று கூப்பிட்டாள். "ஏத்தா, நாந்தான் அம்மா வந்துருக்கேன். இருக்கியாத்தா?"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

மாமா முற்றத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிப் பூட்டை அடித்தார். பூட்டு உடையவில்லை. நாதாங்கி பதித்திருந்த மரம் இற்றுப்போயிருந்ததால் அது பெயர்ந்து வந்தது. மூன்று பேரும் உள்ளே விழுந்தடித்து ஓடினோம்.

முன்னறையில் யாரும் இல்லை. உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவுக்கும் வெளிப்பக்கம் ஒரு நாதாங்கி இருந்தது. அதில் இன்னொரு பூட்டு, திறந்தபடி. உள்ளே ஜன்னலில் மரப்பெட்டிப் பலகைகளைக் குறுக்காக ஆணி அடித்திருந்தார்கள். பலகைச் சந்துகளில் வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. தரையில் ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், ஒரு தட்டு. மூலையில் பலகையால் மூடிய ஒரு வாளி. அது எதற்கான வாளி என்று வாடை சொன்னது.

"படுபாவி" என்று மாமா அலறினார். "எங்கடா கொண்டுபோயி வச்சிருக்க எம் பிள்ளைய?"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். மொழி புரியவில்லை. அம்மா ஒருத்தியின் காலில் விழப் போனாள். அவள் அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் மடித்துத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினாள். தூரத்தில் தெரிந்த ஒரு மஞ்சள் கட்டடத்தைக் காட்டினாள். "ஹாஸ்பிடல்" என்றாள்.

அம்மா அவள் கையையே பார்த்தாள். அவள் மறுபடியும் ஆட்டிக் காட்டினாள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான டாக்டரம்மா இருந்தார். வங்காளத்துக்காரர் என்று பின்னால் தெரிந்தது. மாமா மூச்சு வாங்கிக்கொண்டே அக்கா பேரைச் சொன்னார். டாக்டரம்மா முகம் மலர்ந்து பேசத் தொடங்க, நடுவில் அந்தச் சொல் வந்தது. கன்பைன்டு. மாமா விழித்தார். ஏதோ கேட்டார். டாக்டரம்மா முதலில் புரியாமல் பார்த்து, பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

மாமாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "யக்கா" என்றார். "கன்பைன்டுன்னா பிள்ள பெத்திருக்கான்னு அர்த்தமாம். இவுக படிச்ச காலத்துல அப்படித்தான் சொல்லுவாகளாம். டெலிவரிங்கிறதெல்லாம் பார்சலுக்குச் சொல்ற வார்த்தையாம். ஒனக்குப் பேரன் பொறந்துருக்கான். முந்திப் பொறந்துட்டான், அதான் வீக்கு."

அம்மா சிரித்தாள், அழுதாள். மஞ்சள் பையைக் கீழே போட்டுவிட்டு என் தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். எனக்குப் பசித்தது அப்போதுதான் தெரிந்தது.

அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் பஞ்சுக்குள் முயல்குட்டி மாதிரி ஒரு சிவந்த முகம். இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பாட்டில் அணைத்திருந்தார்கள். அக்காவின் கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்கும்போதே அத்தான் கையில் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார்.

மாமா ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாப்ள, எங்கள மன்னிச்சுக்கிடணும். புத்திகெட்டுப் போயி ஒங்க வீட்டுக் கதவ ஒடச்சுப்புட்டேன்." நடந்ததையெல்லாம் சொன்னார். ராங்புல் கன்பைன்மென்ட் என்று சொல்லித் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். "விடுங்க மாமா. கதவு தான, ஆசாரிய வச்சு மாட்டிக்கிடலாம். பிள்ள மேல பாசம், பதறி வந்துட்டீக. நானே எழுதணும்னு இருந்தேன், அதுக்குள்ள இவன் அவசரப்பட்டுட்டான்" என்றார். மாமாவும் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரிகள் விஷயம் புரியாமலே சிரித்தார்கள். அந்த வார்டில் சிரிக்காமல் இருந்தது அக்கா ஒருத்திதான்.

அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "வீட்டுக்குள்ள போனீகளா?"

"போனோம்த்தா."

"என்ன பாத்தீக?"

"என்னத்தப் பாக்க? ஆளு இல்லாத வீடு" என்றார் மாமா, சிரிப்பு அடங்காமல்.

"உள்ரூம்புல வாளி இருந்துச்சு" என்றேன் நான்.

குழந்தைதானே, பார்த்ததைச் சொன்னேன். அத்தான் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் பால் ஊற்றினார். "இங்க திருட்டு ஜாஸ்தி மாமா" என்றார். "நான் ஷிப்டுக்குப் போனா இவ தனியா இருக்கணும். இவளுக்குத்தான் பயம்." மாமா தலையை ஆட்டினார். "செய்ய வேண்டியதுதான் மாப்ள. வயசுப் பிள்ள, வேத்தூரு." அதே மனிதர்தான் ஒரு மணி நேரத்துக்கு முன்பு படுபாவி என்று அலறியவர். கண்ணால் கண்டதை அவர் மறந்துவிடவில்லை. அந்தச் சொல்லுக்குத் தான் சொன்ன அர்த்தம் தப்பு என்று ஆகி, அதற்காக மன்னிப்பும் கேட்டுவிட்டதும், கண்டதெல்லாம் அதோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிட்டது. அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அக்காவையே பார்த்தாள். அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

மத்தியானம் அத்தான் வேலைக்குப் போனார். மாமா ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அம்மா வார்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "கன்பைன்டு" என்றாள்.

டாக்டரம்மா "எஸ், எஸ்" என்று கைகளைத் தொட்டில் மாதிரி ஆட்டினார்.

அம்மா தலையை அசைத்து மறுத்தாள். டாக்டரம்மாவின் கையைப் பிடித்து அந்தத் தொட்டில் ஆட்டத்தை நிறுத்தினாள். பிறகு அறைக்கதவுக்குப் போய் அதை இழுத்துச் சாத்தினாள். காற்றில் ஒரு சாவியைத் திருகிக் காட்டினாள். ஜன்னலுக்குப் போய், ஆணி அடிப்பதுபோல முஷ்டியால் சட்டத்தில் குத்தினாள். மூலையில் குத்தவைத்து உட்கார்ந்தாள், ஒரு வாளியின் மேல் உட்காருவதுபோல. இரண்டு பெண்களைப் பெற்ற தாய், அன்னிய ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அப்படி உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே மறுபடி "கன்பைன்டு" என்றாள்.

டாக்டரம்மா எழுந்தார். நேராக வார்டுக்குப் போய்ப் பச்சைத் திரையை இழுத்துவிட்டார். அக்காவிடம் இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அக்கா தலையை ஆட்டியது திரையின் நிழலில் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அத்தான் வந்ததும் டாக்டரம்மா இங்கிலீஷில் பேசினார்; மாமா மொழிபெயர்த்தார். குழந்தை எடை ஏறுகிற வரைக்கும் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது. தாயின் தாய் உடன் இருக்க வேண்டும். அதன் பிறகு ஊருக்குத்தான் போக வேண்டும்; இந்தக் கரித்தூளில் குழந்தை பிழைக்காது. மாமா இதை வெறும் வைத்தியம் என்றுதான் நினைத்தார். அத்தானுக்கு விளங்கிவிட்டது. "எம் பெண்டாட்டி, எம் பிள்ள" என்றார். டாக்டரம்மா அவரைப் பார்த்த பார்வையில் கண்ணாடி மட்டும்தான் பளபளத்தது. சுரங்கத்து மேனேஜரே அவர் சொல்லைத் தட்டமாட்டாராம். அத்தான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாமா ஊருக்குப் போனார். நாங்கள் இருந்தோம். அத்தான் தினமும் ஷிப்டு முடிந்து வருவார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, குனிந்து, அக்காவின் காதருகே மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரியமான புருஷன். அக்காவின் விரல்கள் போர்வையைக் கசக்கிக்கொண்டிருக்கும். என்னைக் கண்டால், "என்ன பாப்பா, கதவ ஒடச்ச கூட்டந்தான நீ?" என்று கன்னத்தைத் தட்டுவார். வலிக்காது. ஆனால் நான் ஓடிப்போய்க் கிணற்றடியில் முகம் கழுவுவேன்.

ஒருநாள் அவர் குழந்தையைத் துணியோடு சுருட்டி எடுத்துக்கொண்டார். "இவன நான் வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுறேன். ஆயா ஒருத்தியச் சொல்லியிருக்கேன். வேணுங்கிறவ பின்னால வரட்டும்" என்றார். அக்கா எழ முயன்று விழுந்தாள். வார்டு வாசலில் அம்மா நின்றாள். குள்ளமான உருவம் அவளுக்கு. இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

"வழிய விடுங்க அத்தை."

"பச்சப் பிள்ளையக் குடுத்துட்டுப் போங்க மருமகனே."

"விடுங்கன்னேன்."

"என்னய மிதிச்சுட்டுத்தான் போகணும்."

குழந்தை அழத் தொடங்கியது. அன்று வரைக்கும் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்த பிள்ளை, அன்றுதான் முதல்முறையாக வார்டே அதிரும்படி அழுதான். நர்சுகள் ஓடிவந்தார்கள். அத்தான் சுற்றிலும் பார்த்தார். குழந்தையை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு போனார்.

குழந்தைக்குக் கொஞ்சம் சதை போட்டதும் ஒரு காலையில் டாக்டரம்மா எங்களை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார். அத்தான் ஷிப்டில் இருந்த நேரம். ஸ்டேஷன் வரைக்கும் டாக்டரம்மாவும் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். ரயில் நகருகிற வரைக்கும் அவர் பிளாட்பாரத்து வாசலைப் பார்த்தபடியே நின்றார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பேர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் ஊர்ப் போன் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று ரயிலில் அக்காவிடம் கேட்டேன். பாய் கடைக் காலண்டர் ஒன்று அவளுடைய பெட்டியில் இருந்ததாம். பூட்டிய அறைக்குள் வேறு படிக்க எதுவும் இல்லாததால் அதில் இருந்த நம்பர் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டதாம்.

கடைசிப் பறிப்பு முடிந்து களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தபோது அத்தான் வந்தார். மாமாதான் கூட்டிக்கொண்டு வந்தார். "மனுசன் ரெண்டு நாளா எங்க வீட்டுல உக்காந்து அழுகுறாருக்கா. குடும்பம்னா நாலும் இருக்கும். பேசி அனுப்பிவைப்போம்" என்றார்.

அக்கா களத்து ஓரம் வேம்பு நிழலில் உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் கொஞ்சம் தள்ளி நின்றார். "கெளம்பு" என்றார், அதே சன்னக் குரலில். "இனிமே அப்படி இருக்காது. மாமா சாட்சி."

அக்கா என்னைப் பார்த்து, "பாப்பா, அவுகளுக்குத் தண்ணி கொண்டா" என்றாள். நான் செம்பில் கொண்டுவந்தேன். அத்தான் வாங்கிக் குடித்தார்.

"குடிச்சாச்சுல்ல" என்றாள் அக்கா. "போயிட்டு வாங்க. பந்தல்குடி பஸ்ஸு இப்ப வந்துரும்."

அவர் மாமாவைப் பார்த்தார். அம்மா வத்தலைக் கிளறுகிற பலகையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். மாமா குனிந்து வேட்டி நுனியைச் சரிசெய்தார். செம்பைத் தரையில் வைத்துவிட்டு அத்தான் நடந்தார். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே அவருடைய வெள்ளைச் சட்டை சின்னதாகிக்கொண்டே போவதை அக்கா கடைசி வரை பார்த்தாள். அவளுடைய கை மட்டும் குழந்தையின் காலை நீவுவதை நிறுத்தவில்லை. அவர் பிறகு வரவில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். அக்கா அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே தெருவில் சொந்தமாகத் துணிக்கடை வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

ஆனால் அன்று மாமா போகவில்லை. வெளுத்த சட்டை, மடிப்பு வேட்டியோடு களத்து ஓரம் அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வத்தல் நெடியில் இருமினார். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். இன்னொன்றைக் கிள்ளினார். அம்மா வேலையைத் தொடர்ந்தாள். வெயில் சாய்ந்து வேம்பின் நிழல் களத்துக்குள் நீண்டு வந்தது.

"ஏத்தா" என்றார் மாமா, தலையைத் தூக்காமல். "அங்க என்னதாந்த்தா நடந்துச்சு?"

அதுவரைக்கும் எங்களில் ஒருவரும் அதை அவளிடம் கேட்டிருக்கவில்லை. அம்மாகூடக் கேட்கவில்லை.

அக்கா குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாள். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். "போயிச் சேந்த மறுநாளு, சைக்கிள் கத்துக்கிட்ட கதைய அவருகிட்டச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன் மாமா" என்று தொடங்கினாள்.